பாகம் வந்துகொண்டிருக்கிறது

மலைக்கு இந்தப் பக்கம் சரிவூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் அரண்மனை கிடையாது, சிம்மாசனம் கிடையாது. ஒரு வண்டி இருந்தது.

நாலு சக்கரம், ஒரு எஞ்சின், முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் தார்ப்பாய் போட்ட கூடு, அமுக்கினால் வாத்து மாதிரிக் கத்துகிற ஒரு ரப்பர் ஹாரன். வண்டி என்றால் அவ்வளவுதான். முதல் ராஜா மலையைத் தாண்டி அந்த வண்டியில்தான் வந்தார் என்று சொன்னார்கள். வந்தவர் கீழே இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே ஆண்டார். அன்றிலிருந்து வண்டிதான் அரசாங்கம், டிரைவர் சீட்டில் இருக்கிறவர்தான் கோமான் என்று ஆகிவிட்டது. பக்கத்துச் சீட்டில் இருக்கிறவர் எதிர்க்கட்சி. கோமான் இடப்பக்கம் திருப்பினால், வலப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. எப்போதாவது தேர்தல் வரும். ஜனங்கள் கையைத் தூக்குவார்கள். இரண்டு பேரும் சீட்டு மாறி உட்காருவார்கள், அல்லது மாறாமல் உட்காருவார்கள். எவரும் இறங்கினதாகத் தகவல் இல்லை.

வண்டி தினமும் காலையில் ராஜ்யத்தை ஒரு சுற்றுச் சுற்றும். ஹாரன் கேட்ட பிறகுதான் வீட்டுக் கதவைத் திறக்கலாம். சூரியன் உச்சிக்கே வந்திருந்தாலும் சரி, ஹாரன் கேட்காத வரைக்கும் விடிந்ததாகக் கணக்கில்லை. ஒரு மழைக்காலத்தில் வண்டி கிளம்பவே இல்லை. வெளிச்சம் வந்தது, போனது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். பிறகு, அந்த நாள் வரவே இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் பிறக்கவில்லை. அன்றைக்குச் செத்தவர்களை மறுநாள் மறுபடி சாகச் சொன்னார்கள்.

அதனால் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதில் அந்த ஊரில் அத்தனை பேருக்கும் பயம். வண்டியோ கிழட்டு வண்டி. இன்றைக்கு ஒன்றைச் சரிசெய்தால் நாளைக்கு இன்னொன்று போகும். டாங்கி ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம் என்று எவனோ சொன்னான். வீட்டுக்கு ஒரு சோப்புக் கட்டி என்று ஆணை வந்தது. பிறகு வீட்டில் இருக்கிற சோப்பு எல்லாம் என்று வந்தது. ஜனங்கள் குளிப்பதை விட்டார்கள். டயர் வெடித்தது, உள்ளே வைக்கோல் அடைத்தார்கள். மாடுகள் போரடித்த களத்தில் மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. விசிறி பெல்ட் அறுந்தது, கிணற்றுக் கயிறுகளை வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் கீழே இருந்தது, குடம் மேலே இருந்தது.

கழற்றின பழைய பாகங்களை ரிப்பேருக்கு என்று சொல்லி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். போனது போனதுதான். கேட்டால், பெரிய காரியதரிசி வடமலையார் பதில் சொல்வார். வண்டிக்கு முன்னால் நடந்து போகிறவர் அவர். வழுக்கைத் தலை, தோளில் ஜரிகைத் துண்டு, எதைச் சொன்னாலும் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போலச் சொல்லுவார்.

"பாகம் வந்துகொண்டிருக்கிறது" என்பார்.

"ஏனுங் சாமி, கெழட்டு வண்டிதானுங்களே. ஓரமா நிறுத்திப்போட்டு வேற ஒண்ணு வாங்கப்படாதுங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"நிறுத்தலாம். நாளைக் காலையை உன் அப்பன் கொண்டுவந்து வாசலில் இறக்குவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவனும் சிரித்தான்.

சரிவூரின் கடைசித் தெரு ஒரு பெரிய இறக்கம். இறக்கத்தின் பாதியில் ஒரு வளைவு. வளைவில் திருப்பாமல் நேரே போனால் பாறைக்குழி. எந்தக் காலத்திலோ வெடி வைத்துக் கல் எடுத்த குழி. அடியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. ஆழம் எவ்வளவு என்று பார்த்தவர் யாரும் சொல்ல வரவில்லை. அந்த வளைவுக்கு ஒட்டினாற்போல் கடைசி வீடு, கல் உடைக்கிற மாரப்பனுடையது. அவனும் அவன் பெண்சாதி பாவாத்தாளும் மட்டும் இருந்தார்கள். வண்டி அவர்கள் வாசலில் பிரேக் பிடித்து நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் வளையும்.

ஒரு நாள் காலையில் ஹாரன் கேட்டது. மாரப்பன் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தான். வண்டி இறக்கத்தில் வந்த வேகம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. பிரேக் அறுந்திருந்தது. கோமான் சீட்டில் விறைத்துப்போய் இருந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர், இதை நான் முன்பே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாரப்பன் ஓடிப்போய் முதுகை வண்டியின் முகத்தில் கொடுத்து, வலது காலைத் தரையில் ஊன்றி, பாறையைப் புரட்டுகிறவன் மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் குதிகால் மண்ணை உழுதுகொண்டே போனது. அவன் காலுக்கும் குழிக்கும் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது வண்டி நின்றது.

வடமலையார் ஓடி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கோமான் ஜன்னல் வழியாக அவர் காதில் ஏதோ சொன்னார். அங்கேயே, அந்த இடத்திலேயே, சட்டம் பிறந்தது.

"குடிமக்களே! இன்று முதல் பதிலாள் சட்டம் அமலுக்கு வருகிறது. எந்தப் பாகம் பழுதானாலும், மாற்றுப் பாகம் வந்து சேரும் வரையில், தகுதியுள்ள குடிமகன் ஒருவர் அந்தப் பாகமாக இருப்பார். இருக்கும் வரையில் அவர் அந்தப் பாகமே. முதல் பிரேக்காகத் திருவாளர் மாரப்பன் அவர்கள் பெருமையுடன் நியமிக்கப்படுகிறார்."

ஜனங்கள் கை தட்டினார்கள். மாரப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தான்.

"ஏனுங்க, எப்ப வருவீங்க?" என்றாள் பாவாத்தாள்.

"பாகம் வந்தொடனே வந்துருவேன் புள்ள. அடுப்புல களி கெடக்குது, அடிபுடிச்சுரப் போவுது, பாரு."

அவள் களியைப் பார்க்க உள்ளே ஓடினாள். திரும்பி வருவதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

மறுநாள் அவள் கதவில் ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். பிரேக் வீடு என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போயிற்று. கிளட்ச் போனது, ஒரு ஆள் போனான். விளக்கு அவிந்தது, இரண்டு ஆள் போனார்கள். ஹாரனின் ரப்பர் கிழிந்தது, கூத்தில் ராஜபார்ட் கட்டுகிற செம்பானைக் கொண்டுபோனார்கள். அவனுக்கு மூன்று ஊருக்குக் கேட்கிற தொண்டை. வீடுகளில் தகடு ஏறியது. தகடு ஏறினதும் புத்தியும் மாறியது. கியர் வீட்டுக்காரர்கள் சைலன்ஸர் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்றார்கள். விளக்கு வீட்டுக் கல்யாணத்தில் நட்டு வீட்டுக்காரர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். தகடே இல்லாதவர்களுக்கு வெறுங்கதவுக்காரர்கள் என்று பெயர் வந்தது. அவர்கள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாவாத்தாளின் எதிர்வீட்டு நாச்சக்காள் ஒரு வெறுங்கதவுக்காரி.

"உனக்கென்னடி, வெயில் பட்டா உம்பட கதவு கண்ணைப் பறிக்குது" என்பாள். "எம்பட ஊட்டுக்காரரு ஒரு நட்டு போல்ட்டுக்குக் கூட ஆவமாட்டாருன்னு திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. இருமுறாராமா. இருமுனா என்ன, பழைய வண்டி இருமாமயா ஓடுச்சு?"

"அக்கா, இந்தத் தகட்டை வேணும்னா நீயே களட்டிட்டுப் போ. எனக்கு ஆளு வந்தாப் போதும்."

"அது எப்படி? பேரு வேணுமில்ல?" என்றாள் நாச்சக்காள். அவள் குரல் கணீரென்று இருக்கும். அவள் ஏசினால் இறக்கத்தின் மேல் முனையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

வண்டி வாசலில் நிற்கும்போது பாவாத்தாள் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிற சந்தில் ஒரு களி உருண்டையை நீட்டுவாள். உள்ளே இருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். கல் விழுந்து நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகம். அது மாரப்பன் கை. வாங்கிக்கொண்டு பலகையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டும். அதை வைத்துக்கொண்டு அவள் அன்றைய பொழுதை ஓட்டுவாள்.

எஞ்சினையும் ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அதற்கு எத்தனை ஆள் போனார்கள் என்று அரசாங்கம் சொல்லவில்லை. எரிபொருள் மிச்சம் என்று மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு வண்டி சத்தமில்லாமல் வந்தது. சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. மூச்சுச் சத்தம் இருந்தது. பனிக்காலத்தில் தார்ப்பாயின் ஓட்டைகளில் எல்லாம் ஆவி வந்தது. முன்பெல்லாம் வண்டியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற நாய்கள், இப்போது அது வருகிற நேரத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. தடவிக்கொடுத்தாலும் வெளியே வரவில்லை.

பிறகு ஒரு ஆணை. வண்டி போன பாதையை அரசாங்க ஆட்கள் பெருக்கி முடிக்கும் வரை யாரும் தெருவில் காலை வைக்கக் கூடாது. ஒரு நாள் பெருக்குகிறவர்கள் தாமதமாக வந்தார்கள். பாவாத்தாள் வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தாள். மண்ணில் டயர்த் தடம் இல்லை. பாதங்கள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று, கணக்கில்லாத பாதங்கள், எல்லாம் ஒரே அளவு தூரத்தில் எடுத்து வைத்தது போல. நடுவில் ஒரு நீளக் கோடு. ஒரு குதிகால் இழுத்துக்கொண்டு போன கோடு.

அன்றைக்கு மறுநாள் அவள் சந்தில் களியை நீட்டினபோது ஐந்து கை ஒரே சமயத்தில் வந்தது. எல்லாம் வெளுத்துப்போய், வெயில் படாத கிழங்கு மாதிரி இருந்தன. கறுத்த நகம் எது என்று பார்ப்பதற்குள் உருண்டை போய்விட்டது. பலகையில் தட்டுச் சத்தம் வரவில்லை.

அதிலிருந்து அவள் பெரிய சட்டியில் களி கிண்டினாள். தட்டுச் சத்தம் மட்டும் வரவே இல்லை. உள்ளே மாரப்பன் இருக்கிறானா, அவன் இடத்தில் வேறு யாராவது போட்டிருக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. வடமலையாரைக் கேட்டாள்.

"அம்மணி, வண்டி நிற்கிறதா இல்லையா?"

"நிக்குதுங்க."

"அப்படியானால் பிரேக் இருக்கிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?"

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரருக்கு அருங்குணத்தார் என்று பெயர். குண்டான ஆள், பேச ஆரம்பித்தால் கண்ணீர் விடுவார். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒவ்வொரு தெருவிலும் ஒரே பேச்சைப் பேசினார்.

"என் உடன்பிறப்புகளே! மனிதன் பாகமா? இதைக் கேட்க ஆளில்லையா? நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால், முதல் காரியம், பிரேக்! உண்மையான பிரேக்! இரும்புப் பிரேக்!"

பாவாத்தாள் அதைக் கேட்டுவிட்டு வீடு வீடாக நடந்தாள். தகடு வீட்டில் எல்லாம் முகத்தைத் திருப்பினார்கள். நாச்சக்காள் வீட்டுக்கும் போனாள்.

"இரும்பு வந்துட்டா உம்பட தகட்டைப் பறிச்சுப்போடுவாங்களே, தெரியுமாடி?"

"பறிக்கட்டும். தகடா என்கூட ஒக்காந்து களி திங்குது?"

"பைத்தியக்காரி" என்றாள் நாச்சக்காள். ஆனால் கையைத் தூக்கினாள். பிரேக் வீட்டுக்காரி ஒருத்தி தன் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டாளே என்ற சந்தோஷம் அவளுக்கு.

அருங்குணத்தார் ஜெயித்தார். அவரும் பழைய கோமானும் கீழே இறங்காமலேயே, ஒருவர் மடியில் ஒருவர் ஏறி, சீட்டு மாறிக்கொண்டார்கள். தார்ப்பாய்க்குள் ஒரு முனகல் கேட்டது. ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரேக் வந்தது.

பாவாத்தாள் வாசலுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். ஊரே கூடியது. மரப்பெட்டியைத் திறந்து, மெழுகுத்தாளைப் பிரித்தார்கள். கிரீஸ் பூசின புது இரும்பு. சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். பாவாத்தாள் மாரப்பனுக்கு ஒரு துவைத்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

வடமலையார் பிரேக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அருகில் போனார். தார்ப்பாயின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து புதுக் கோமான் காதில் பேசினார். கோமான் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடிமக்களே!" என்றார் வடமலையார். "வாக்குறுதி நிறைவேறியது. பிரேக் வந்துவிட்டது. இதைச் சக்கரத்தில் மாட்ட வேண்டும். சக்கரம் தற்போது கீழத்தெருச் சகோதரர்கள். சக்கரத்தை அச்சில் மாட்ட வேண்டும். அச்சு தற்போது தெற்குத் தெரு. ஆகையால், பாகம் வந்துவிட்டது. பாகத்தை மாட்டுகிற இடம் வந்துகொண்டிருக்கிறது. அது வரையில் இந்தப் பிரேக் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்."

கை தட்டினார்கள். பிரேக்கை ஒரு பீடத்தில் வைத்து மாலை போட்டார்கள்.

பாவாத்தாள் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வண்டிக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. அவள் மாலை போடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப்போட்டாள்.

இரும்பு என்று ஒன்றும் இல்லை. மூங்கில் சட்டம் இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள். முதுகு மேல் முதுகு, தோளுக்குள் தோள், கை கோத்து, கால் கோத்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் நின்றார்கள். எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள், ஒரே சமயத்தில் விட்டார்கள். அந்தக் குவியலின் மேல் இரண்டு சீட்டும் ஒரு ஸ்டீயரிங்கும் இருந்தன. ஸ்டீயரிங் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை.

அந்த ராஜ்யத்தில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். பாவாத்தாள் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"மாரப்பா!"

பொம்பளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வண்டியில் ஒரு அசைவும் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை. அந்தப் பெயரை அவள் வாயால் அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் அவனைப் பிரேக் என்று கூப்பிட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போல, மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க..."

"ஏம்புள்ள?" என்றது வண்டி.

ஒரு ஆள் சொல்லவில்லை. பிரேக், கிளட்ச், சக்கரம், அச்சு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது. அந்த ஊரில் எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் கூப்பிடுவாள், எல்லா ஆம்பளையும் அப்படித்தான் கேட்பான். சொன்ன வாயோடு அவர்கள் கண் திறந்தது. கோத்த கைகள் விட்டுப்போயின. வண்டி ஒரு மூட்டை அவிழ்வது போல அவிழ்ந்து தெருவில் பரவியது. இரண்டு சீட்டும் தரைக்கு வந்தன. கோமான் அப்போதும் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் இருந்தவர், இன்னொரு பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்தவர்களால் நிமிர முடியவில்லை. வெளிச்சம் பட்டு முகத்தை மூடிக்கொண்டார்கள். பெண்கள் ஆளுக்கு ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் தப்பான ஆளைக் கூட்டிக்கொண்டு போனதாகவும், வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தும் திருப்பி அனுப்பவில்லை என்றும் பேச்சு உண்டு. பாவாத்தாள் கறுத்த நகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

வீட்டில் மாரப்பன் கட்டிலில் படுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, வலது காலைச் சுவரில் ஊன்றி அமுக்கிக்கொண்டிருந்தான்.

"காலை எடுங்க. ஊட்டுல இருக்கறீங்க."

"வண்டி நின்னுபோச்சா புள்ள?"

"நின்னுபோச்சு."

"அப்ப நாளைக்கு விடியாதே?"

"விடியுமுங்க."

"ஆரு ஹாரன் அடிப்பா? செம்பான் அவன் ஊட்டுக்குப் போயிட்டானே."

அவள் களியைப் பிசைந்து கையில் கொடுத்தாள். அவன் வாங்கி, பழக்கத்தில், தரையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

மறுநாள் சூரியன் வந்தது. கூரை ஓட்டுச் சந்து வழியாக வெளிச்சம் விழுந்தது. ஆனால் ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. தகடு வீடுகள், வெறுங்கதவு வீடுகள் எல்லாம் சாத்திக்கொண்டு காத்திருந்தன. கன்றுகள் கத்தின. பால் கறக்க யாரும் போகவில்லை. பாவாத்தாளே தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். அவ்வளவு வருஷப் பழக்கம். வெயில் ஏறிக்கொண்டே போனது.

அப்போது ஹாரன் கேட்டது.

செம்பானின் குரல் இல்லை. பெண் குரல். கணீரென்ற குரல். பாவாத்தாள் கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

இறக்கத்தின் மேல்முனையில் தார்ப்பாய் தெரிந்தது. மேலே இரண்டு சீட்டு, இரண்டு பேர், ஸ்டீயரிங். எல்லாம் முன்பு போலவே இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பாதங்கள். வெறுங்கதவுக்காரர்களின் பாதங்கள். எந்த ஆணையும் போடவில்லை. எவரும் கூப்பிடவில்லை. இடம் காலியாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவர்களாகவே போயிருக்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக. இருமுகிறவனும் போயிருக்கிறான், இருமல் கேட்டது. எல்லோருக்கும் முன்னால், வாயைக் குவித்துக்கொண்டு, நாச்சக்காள்.

சக்கரம் ஆனார்கள், எஞ்சின் ஆனார்கள், விளக்கு ஆனார்கள். பிரேக்குக்கு மட்டும் யாரும் போகவில்லை. அந்தக் குதிகால் கோட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். உண்மையான பிரேக் பந்தலில் மாலையோடு இருந்தது.

வண்டி இறக்கத்தில் இறங்கியது. மாரப்பன் சுவரோரம் இருந்தபடியே தலையைத் தூக்கினான். காலடிச் சத்தத்தை வைத்தே அவனுக்கு வேகம் தெரியும்.

"புள்ள, கதவைத் தொற. அவிங்களுக்குப் பிரேக் இல்ல."

"எல்லாம் இருக்குதுங்க. நீங்க ஒக்காருங்க."

"இல்ல புள்ள. எனக்குத் தெரியும். உடு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் வலது காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"நாச்சக்கா! உட்டுப்போட்டு ஓடியாக்கா! நாச்சக்கா!"

பதிலுக்கு ஹாரன் கேட்டது.

மாரப்பனின் கால் அவளுக்கு அடியில் இரும்பு மாதிரி விறைத்தது. அவளைத் தூக்கிவிடும் போல அமுக்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் இருந்தாள். காலடிச் சத்தம் வாசலுக்கு வந்தது. முதல் தடவையாக, அந்த வாசலில் நிற்காமல் போனது. வளைவிலும் திரும்பவில்லை. ஹாரன் மட்டும் விடாமல் கேட்டது. அது கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. விழுந்த சத்தம் என்று ஒன்று வரும் என்று பாவாத்தாள் காத்திருந்தாள். வரவில்லை.

ஹாரன் கேட்டுவிட்டது அல்லவா. ஊரில் எல்லாக் கதவும் திறந்தது. விடிஞ்சிருச்சுங்க, விடிஞ்சிருச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஜனங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். வடமலையார் வந்து எதிர்வீட்டுக் கதவில் ஒரு தகடு அடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பாறைக்குழிக்குள்ளிருந்து ஹாரன் வருகிறது. கேட்டதும் கதவைத் திறக்கிறார்கள். தெருவில் வண்டி வராததால் இடைஞ்சல் இல்லை, சோப்புக் கேட்பதில்லை, வைக்கோல் கேட்பதில்லை, இதுவரைக்கும் இருந்ததிலேயே நல்ல ஆட்சி இதுதான் என்கிறார்கள். அடுத்த தேர்தலும் வருகிறதாம். கையைத் தூக்குவார்கள். குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் தூக்குகிறவன் எவனும் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாவாத்தாள் மாரப்பனைக் கூட்டிக்கொண்டு வெயிலில் உட்கார வைக்கிறாள். இப்போது அவன் கொஞ்சம் நிமிர்கிறான். அவள் பெயரைச் சொல்லிக் கூடக் கூப்பிடுகிறான். ஹாரன் கேட்கும்போது மட்டும் அவன் வலது கால் தானாக நீண்டு தரையை அமுக்குகிறது. அவள் அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறாள். ஹாரன் நிற்கும் வரைக்கும் எடுப்பதில்லை.